மூன்று 'போதும்'

நாளை மறுநாள் திண்டுக்கல் ஜங்ஷனில் ரயில் ஏறப்போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் பிரம்மபுத்திராவுக்கும் சிலர் கங்கைக்கும் போவதாகச் சொன்னீர்கள். ஆற்றில் ஓடும் சொகுசுப் படகில் சாப்பாட்டுக் கூடத்து வேலை. துணியை எப்படி மடிப்பது, முள்கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதெல்லாம் கேட்டரிங் வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதையெல்லாம் நான் உங்களுக்குச் சொன்னால் நீங்கள்தான் என்னைத் திருத்துவீர்கள். அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். 'போதும்' என்ற சொல்.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு எங்களுடையது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத ஒரு வருடத்தில் பஸ் ஏறிப் பழனிக்குப் போனேன். லாட்ஜை ஒட்டிய மெஸ்ஸில் எச்சில் இலை எடுத்தேன். ஓர் இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் கூட்டத்தோடு சேர்ந்தேன்.

அங்கேதான் இந்தச் சொல்லின் முதல் பாடம் கிடைத்தது. ஒரு முகூர்த்தத்தில் ஒரு பெரியவர் "போதும்பா" என்றார். நானும் சரி என்று அடுத்த இலைக்குப் போய்விட்டேன். அவர் பந்தியே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்: "ஏப்பா, பொண்ணு வீட்ல சோத்துக்குத் தட்டுப்பாடா?"

பெண்ணின் மாமா ஓடிவந்தார். என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி அவரே ரெண்டு கரண்டி சாம்பார் ஊற்றினார். பெரியவர் "ஐயோ போதும், போதும்ங்கிறேன்ல!" என்று கத்திக்கொண்டே முகமெல்லாம் சிரிப்பாகச் சாப்பிட்டார்.

அன்று தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துப் பந்தியில் வாயால் சொல்லும் போதும் கணக்கில் வராது. இலைக்கு மேல் கையை விரித்தால் பாதிப் போதும். குனிந்து நெஞ்சால் இலையை மறைத்தால்தான் நிஜமான போதும். அதுவரை கரண்டி நிற்கக் கூடாது.

இந்தப் பாடத்தை மூட்டை கட்டிக்கொண்டு லாரியில் விஜயவாடா, அங்கிருந்து கல்கத்தாவில் ஒரு தமிழர் மெஸ், அங்கிருந்து ஒரு சமையல்காரர் சொல்லி அஸ்ஸாம் என்று அலைந்து, ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வழியாகப் படகில் ஏறினேன். இரண்டு தளம், பன்னிரண்டு அறை. விருந்தாளிகளில் வெளிநாட்டார் பாதி, டில்லி பம்பாய்க்காரர்கள் பாதி.

முதல் வருடத்திலேயே தப்பு செய்தேன். தனியாக வந்திருந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. நான் கிண்ணத்தில் பாயசம் ஊற்றும்போது "எனஃப், தேங்க் யூ" என்று கையைக் காட்டினார். வாயாலும் சொன்னார், கையாலும் சொன்னார். நெஞ்சால் இன்னும் மறைக்கவில்லையே! சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். மரியாதைக்காக அவர் அதையும் சாப்பிட்டார். சற்று நேரத்தில் மேசையிலேயே வாந்தி எடுத்தார். பிறகு கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவருக்கு ஆபரேஷனில் பாதி வயிற்றை எடுத்துவிட்டார்களாம். எந்த அறைக்காரர் எதைச் சாப்பிடக் கூடாது என்ற காகிதம் சமையலறைச் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குப் படிக்க வரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, தினமும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அந்த அம்மா பயணம் முடியும்வரை மறுபடி சாப்பாட்டுக் கூடத்துக்கு வரவே இல்லை. சாப்பாட்டை அவர் அறைக்குத்தான் கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு இந்தியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அந்த அம்மா சொன்னதை நீ கேட்கவில்லை. உன் ஊர் சொன்னதைக் கேட்டாய்."

அன்றோடு முடிவு கட்டினேன். இனி யார் எந்த மொழியில் போதும் என்றாலும் அந்த நொடியே கரண்டி நிற்கும். சுவரில் தொங்கும் காகிதத்தையும் தினம் காலையில் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். விருந்தாளிகள் சந்தோஷப்பட்டார்கள். கூடத்துக்கே என்னைப் பொறுப்பாளியாக்கினார்கள். நானும் தேறிவிட்டதாக நினைத்தேன். அந்த முடிவுதான் பின்னால் ஓர் ஆளைக் கொல்லப் பார்த்தது.

அதைச் சொல்வதற்கு முன் அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம். இப்போது திண்டுக்கல்லில், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் குடியிருக்கிறேன். லாரி ஹாரன் அடித்தால் ஒரு நொடி படகுச் சங்குபோல் இருக்கும். எழுந்துகூட நின்றிருக்கிறேன். ஆனால் கண்ணாடிச் சன்னலும் வெள்ளைத் துணியுமாக இருந்த சாப்பாட்டுக் கூடம் எனக்கு ஞாபகத்துக்கு வருவதே இல்லை. வருவதெல்லாம் படகின் பின்பக்கம்தான். எஞ்சின் அறைக்கு அடுத்த தளத்தில் வேலைக்காரர்கள் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். டீசல் வாடையும் பருப்பு வாடையும் கலந்து அடிக்கும். சில நாள் ஓங்கில், அதாவது ஆற்று டால்பின், ஒன்று எங்கள் கண் முன்னாலேயே தண்ணீருக்கு மேல் முதுகைக் காட்டிவிட்டுப் போகும்.

சமையல்காரர் வேலுச்சாமி ஒட்டன்சத்திரத்துக்காரர். சவரிமுத்து சாணார்பட்டிக்காரன். கயிறு கட்டுவது, நங்கூரம் போடுவது, தளம் கழுவுவது எல்லாம் அவன் வேலை. முப்பது வயது, ஒரு பெண் குழந்தை. சவரி சாப்பிட உட்கார்ந்ததும் கேட்பான்: "என்ன வெஞ்சனம்?"

"வெஞ்சனமாம் வெஞ்சனம்," என்பார் வேலுச்சாமி. "பேரே நாட்டு மருந்துக்கடைச் சரக்காட்ட இருக்குது. பொரியல்னு சொன்னா வாய் கோணிக்குமாங்க?"

"பொரியல்னா பொரியல் மட்டுந்தான. வெஞ்சனம்னா தொட்டுக்க என்ன இருந்தாலும் வெஞ்சனம். ஒங்க ஊர்ல வார்த்தைக்கும் பஞ்சமா?"

இந்தச் சண்டை தினமும் நடந்து, கடைசியில் சுக்கான் பிடிக்கும் அஸ்ஸாம்காரர்கூட மதியம் ஆனால் "வெஞ்சனம் கியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சவரியைப் படகுக்குக் கூட்டிவந்தவன் நான். சாணார்பட்டி பஸ் நிறுத்தத்தில் அவன் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சோறு நேரத்துக்குக் கெடைக்குமாண்ணே? இவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு."

"சோறு போடுற எடத்துலதாம்மா வேலையே. நான் இருக்கேன்ல?" என்றேன்.

அது தை மாதம். அங்கே தையில் ஆறு வற்றி மணல் திட்டுகள் எழும்பிவிடும். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று முழங்காலளவு இருக்கும். மேனேஜர் முந்தைய படித்துறையிலேயே இறங்கி, அடுத்த ஊரில் சரக்கு வாங்கி வைப்பதற்காகச் சாலை வழியாகப் போய்விட்டார். மறுநாள் நாங்கள் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். அன்று காலை பத்து மணிக்குப் படகு மணலில் ஏறி நின்றது.

இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. படகுத் தலைவரை அங்கே சாரங் என்பார்கள். அவர் வயர்லெஸ்ஸில் பேசிவிட்டு, இழுவைப் படகு வர மூன்று நாள் ஆகலாம் என்றார். சுற்றிலும் மணலும் தண்ணீரும்தான். கரை கோடு போலத் தெரிந்தது.

வேலுச்சாமி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "ஏனுங்க, அரிசி மூட்டையத் தூக்கிப் பாத்தனுங்க. காத்தடிச்சாப் பறந்துரும்போல இருக்குது. கெஸ்டுக்கும் ஆளுங்களுக்கும் சேத்துச் சமைச்சா நாளைக்கு மத்தியானத்தோட சரிங்க."

"கெஸ்டுக்கு வழக்கம்போலப் போட்டு, ஆளுகளுக்குப் பாதியாக் கொறைச்சா?"

"மூணு நாளைக்கு இழுக்கலாமுங்க."

"அப்ப அப்படியே செய்யுங்க. யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

வேலுச்சாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதானுங்க எனக்குப் பயமா இருக்குது."

அது எனக்கு உறைக்கவில்லை. விருந்தாளிக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது, அதுதான் உபசாரம் என்று நினைத்தேன். மேலே வழக்கம்போல ஐந்து வகை போனது. மடித்த துணி, சூப்பு, கடைசியில் இனிப்பு. படகு நின்றதே ஏற்பாட்டில் ஒரு பகுதி என்பதுபோல, "இங்கே பறவைகள் நன்றாகத் தெரியும்" என்று சிரித்தேன். அவர்களும் போட்டோ எடுத்தார்கள்.

கீழே நானே பரிமாறினேன். அலுமினியச் சட்டியில் கரண்டி கரகரவென்று ஓடியது. தட்டுக்கு ஒரு கரண்டிச் சோறு, மேலே தண்ணீராகப் பருப்பு. சவரி தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, பூசையில சாமியாரு நன்மை குடுக்குறாப்பல வைக்கிறீங்க. நாக்க நீட்டட்டுமா?"

மாதா கோயிலில் நாக்கில் வைக்கும் அந்த மெல்லிய அப்பத்தைச் சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, பேசாமத் தின்னு. இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?"

"போதும்ணே. வயிறு கம்முனு கெடக்கு."

கரண்டி நின்றது. அடுத்தவரிடம் கேட்டேன். அவரும் போதும் என்றார். சுக்கான்காரர் கையை விரித்துக் காட்டினார். சட்டியில் ஒட்டிக்கிடந்த கொஞ்சச் சோறு அப்படியே மிஞ்சியதைப் பார்த்து, நம் ஆட்கள் நிலைமை புரிந்தவர்கள் என்று பெருமைகூடப் பட்டேன். மறுநாளும் அப்படியே. போதும், போதும், போதும். நானும் நம்பிக்கொண்டே போனேன்.

அந்த இரண்டு நாளும் அவர்கள் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, படகின் அடியில் சேரும் மணலை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மேலே ஆம்லெட் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். கீழே ஒரு கூச்சல். எட்டிப் பார்த்தபோது இடுப்பளவு தண்ணீரில் மண்வெட்டி மட்டும் ஆடிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்திருந்த ஆளைக் காணோம். சவரி நின்ற இடம் அது. சுக்கான்காரர் பாய்ந்து, நாலு கை தள்ளி அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

தளத்தில் கிடத்தினார்கள். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. முதுகைத் தட்டத் தட்ட வாயிலிருந்து தண்ணீர் வந்தது. ஒரு சோற்றுப் பருக்கைகூட வரவில்லை. சாரங் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவன் என்ன சாப்பிட்டான்?"

"நேற்று ராத்திரி கொஞ்சம் சோறு. இன்னும் வைக்கவா என்று கேட்டேன். போதும் என்று அவன்தான் சொன்னான்."

"அவன் சொன்னான், சரி. கரண்டி யார் கையில் இருந்தது?"

கரண்டி என் கையில்தான் இருந்தது.

வேலுச்சாமி சர்க்கரை போட்டு வெந்நீர்க் கஞ்சி கொண்டுவந்தார். நான் சவரியின் தலையை மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தான். சுற்றிக் குனிந்திருந்த எங்கள் முகங்களைப் பார்த்து அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"கால் வழுக்கிருச்சுண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

"ஏலே, பசிச்சா பசிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதான? போதும் போதும்னு ஏன்டா சொன்ன?"

"சத்தங் கேட்டுச்சுல்ல."

"என்ன சத்தம்?"

"கரண்டி சட்டியடில ஒரசுற சத்தம். எங்க வீட்ல ஆத்தா சட்டியச் சொரண்டுனாப் போதும், நாங்க அஞ்சு பேரும் வரிசையாப் போதும்னு சொல்லிருவோம். அப்புறம் யாருண்ணே நீட்டுவா தட்ட?"

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். எங்கள் சட்டியும் அதே சத்தம்தான் போடும். நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் போதும் என்று சொல்லி வளர்ந்தவன்தான். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பொத்தானும் போட்டுக்கொண்டு, என் கையாலேயே அந்தச் சத்தத்தை எழுப்பி, என் காதுக்கே அது கேட்காமல் இரண்டு நாள் பரிமாறியிருக்கிறேன். சாணார்பட்டி பஸ் நிறுத்தத்தில் நின்ற அந்தப் பெண்ணின் முகம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

எழுந்து மேலே போனேன். விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். அரிசி குறைவு, இழுவைப் படகு எப்போது வரும் என்று தெரியாது, ஆட்கள் பட்டினியாகத் தண்ணீரில் நிற்கிறார்கள், ஒருவன் மூழ்கிப்போனான், இனி எல்லோருக்கும் ஒரே சட்டி, தண்ணீரில் நிற்பவர்கள் முதலில் சாப்பிடுவார்கள். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். போனால் இன்னோர் ஊர். எனக்குப் புதிது இல்லை.

டில்லிக்காரர் ஒருவர் மட்டும் எழுந்து, பட்டியலில் போட்டிருந்த சாப்பாடு தனக்கு வேண்டும் என்று சத்தம் போட்டார். அவர் மனைவி தன் தட்டில் தொடாமல் இருந்த ரொட்டிகளை எடுத்து என் கையில் கொடுத்தார். "கீழே கொண்டுபோங்கள்" என்றார். சத்தம் நின்றுவிட்டது.

வேலுச்சாமி இருந்த அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுப் பொங்கிவிட்டார். அண்டாவை நிறைத்துத் தூக்கிவந்து மணல் திட்டில் வைத்தோம். அன்று நான் மேலாக்கவே அள்ளினேன். கரண்டி அடியைத் தொடவே விடவில்லை. ஆட்கள் முதலில் உட்கார்ந்தார்கள். விருந்தாளிகள் தட்டோடு பின்னால் நின்றார்கள்.

சவரி கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கரண்டி வைத்தேன்.

"போதும்ணே."

இன்னொரு கரண்டி.

"அண்ணே, போதும்ங்கிறேன்ல!" என்று கையை விரித்தான்.

கையை ஒதுக்கிவிட்டு இன்னொன்று.

"யோவ், ஆளக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்து நெஞ்சால் தட்டை மறைத்தான். அப்போதுதான் நிறுத்தினேன்.

பிறகு விருந்தாளிகளுக்குப் பரிமாறினேன். அவர்களில் யார் போதும் என்றாலும் முதல் சொல்லிலேயே நிறுத்தினேன். ஒரே அண்டா, ஒரே கரண்டி, ஒரே சொல். அதை யார் சொல்கிறார், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கவனிப்பதுதான் நம் தொழில். விருந்தாளி தன் வயிற்றைப் பார்த்துச் சொல்கிறார். நம் ஆள் சட்டியைப் பார்த்துச் சொல்கிறான். நீங்கள் நாளை பொறுப்புக்கு வருவீர்கள். மேலே போகிற தட்டை எல்லோரும் பார்ப்பார்கள். கீழே போகிற சட்டியைப் பார்க்க உங்களைத் தவிர ஆள் கிடையாது.

அன்று மதியம் விருந்தாளிகளில் நாலைந்து பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். மூன்று மணி வாக்கில் படகு ஒரு முனகல் முனகி நகர்ந்தது. இழுவைப் படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் வேலையும் போகவில்லை. மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அரிசியை மட்டும் இரண்டு மூட்டை கூடுதலாக ஏற்றச் சொன்னார்.

படித்துறையில் சரக்கு ஏறிய அன்று வேலுச்சாமி ஆட்களுக்கென்று ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தார். சட்டி நிறையச் சோறு, வாளி நிறையக் குழம்பு. வெயில் இளஞ்சூடாக அடித்தது. படகின் பின்பக்கம் எங்கள் வட்டத்தில் சவரி எனக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எலும்பு ஒன்றைக் கடித்துக்கொண்டே ஆற்றைப் பார்த்தான்.

"அண்ணே, போதும்ணே."

"ஏலே, இப்பத்தான ஒக்காந்த?" என்று கரண்டியை எடுத்தேன்.

"சோத்தச் சொல்லல. ஆறு போதும்ணே. ஊருக்குப் போறேன். மாமனாரு காட்டுல பூச்செடி வச்சுப் பொழச்சுக்குறேன்."

வேலுச்சாமி கையை நிறுத்தினார். இது எந்தப் போதும்? குளிரில் சொல்கிறானா, பயத்தில் சொல்கிறானா, எல்லோர் கண் முன்னாலும் விழுந்துவிட்ட வெட்கத்தில் சொல்கிறானா? இன்னும் கொஞ்ச நாள் இரு என்று வற்புறுத்துவது உபசாரமா? எழுந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவன் தட்டில் கறி மிச்சம் இருந்தது. எங்கேயும் எதுவும் சுரண்டுகிற சத்தம் இல்லை. வயிறு நிறைந்தவன், யாருக்காகவும் இல்லாமல், தனக்காகச் சொன்னது அது.

"சரிலே," என்றேன். "சாப்ட்டு முடி. டிக்கெட் எடுப்போம்."

கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.